கேள்வி எண் பதினேழு

பாளையங்கோட்டை. விடைத்தாள் திருத்தும் முகாம்,
மூன்றாம் நாள்.
மின்விசிறிக்கு ஒரு கட்டு எழுந்து எழுந்து உட்காருகிறது.

‘போருக்குப் பிந்தைய பிரிட்டனில்
வெகுமக்கள் கலாச்சாரமும் அரசியலும்: விளக்குக.’
பத்து மதிப்பெண்.
நாற்பது பேர் ஒரே கைடை
ஒரே இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

நாற்பத்தொன்றாவது தாள்.
பெயர் கிழித்தது, கறுப்புக் கோடுகள் மட்டும்.

“ஜெயித்த நாட்டில்
சண்டை முடிந்து ஒன்பது வருஷம் ரேஷன் இருந்தது.
ஜெயித்தவனுக்கே அப்படி என்றால்
மேலப்பாளையம் கடையில் துவரம்பருப்பு வராததுக்கு
யாரைக் கேட்க?”

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

“ராணிக்கு முடிசூட்டு நாளில்
தெருவுக்கு ஒரு டிவி, அதன் முன்னால் இருபது பேர்.
எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சர்க்கார் டிவி.
யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும்
காசு கேட்டதற்காக ஒரு மந்திரி
பதவியை விட்டார்.
அப்படி ஒருத்தர் இங்கே இருந்தால்
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில்
நானே ஃபிளக்ஸ் வைப்பேன்,
என் படம் போடாமல்.

நீளக் கோட்டு, எண்ணெய் மினுங்கும் முடி,
அந்தப் பையன்களைப் பேப்பர்காரன் காலிகள் என்றான்.
அண்ணன் முடிவெட்டைப் பார்த்து
வண்ணார்பேட்டை போலீஸும் அதையே சொன்னது.
அப்போது அவன் கையில் கொடி இல்லை,
முதல் காட்சி டிக்கெட்தான்.
கொடி அப்புறம் வந்தது.

சுரங்க வேலைநிறுத்தத்தில்
பெண்கள் ஊருக்கே சமைத்துப் போட்டார்கள்.
பீடித் தட்டோடு இருந்த அம்மாவுக்கு இதை வாசித்தேன்.
‘அவொ என்ன கொழம்புல வச்சாவ?’ என்று கேட்டாள்.
புத்தகத்தில் இல்லை.”

அதோடு தாள் முடிந்துவிட்டது.
பதினெட்டு வருஷமாய் இந்தப் பாடம் நடத்துகிறேன்.
என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஒன்பது போட்டேன்.
தலைமைத் திருத்துநர் கோயில்பிள்ளை சார்
தாளைக் கண்ணருகில் கொண்டுபோனார்:
“இளைஞர் பண்பாடு எங்க இருக்கு டீச்சர்?
தலைப்பே போடலையே.”
அண்ணனைக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.
“ஆறு போடுங்க.”

“எட்டு” என்றேன்.

அவர் மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்க,
நான் உருளைக்கிழங்காய் இருக்கும் என்று நினைத்தேன்,
மிஞ்சிப்போனால் கொஞ்சம் பட்டாணி.

டீ வந்தது.
சர்க்கரை கம்மி.