செடில்

ஒன்றுவிட்ட ஒருநாள் விடிய நாலரைக்கு
ஊசியைக் கொதிக்க வைக்கிறேன்,
டோர்ட்மண்ட் பாண் தொழிற்சாலையின் மா
சட்டையில் இருக்க.
ஒன்பது வயது நிலானியின் தோலில்
இரவோடு முளைத்த கொப்புளங்களை
ஒவ்வொன்றாய்க் குத்தி நீரிறக்க வேண்டும்.
விட்டால் அவை பரவும்.

பிறந்த அன்று தாதி தூக்கிய இடத்தில்
ஐந்து விரலும் சிவப்பாய்ப் பதிந்து உரிந்தன.
நோயின் பெயரைச் சொல்ல
டொக்டர் விட்காம்புக்கே இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.
பிறகு எளிதாய்ச் சொன்னார்: வண்ணத்துப்பூச்சித் தோல்.
அன்றே விளங்கிவிட்டது,
அழகான பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால்
மருந்து இல்லை.

கோயிலில் வேறு விளக்கங்கள் இருந்தன.
போன பிறப்பு என்றார் ஒருவர், பொங்கல் தட்டை நீட்டியபடி.
சோதிக்கிறவள் கைவிடமாட்டாள் என்றார் மற்றவர்;
அவருடைய பெடியன் வாசற்படியில்
விழுந்து, எழும்பி, தட்டிவிட்டு ஓடினான்.
தவரஞ்சினி அன்றிலிருந்து
காரைவிட்டு இறங்குவதில்லை. தேருக்கும் இல்லை.

நான் நேர்ந்தேன்.
அவளுக்கு ஒரு வருடம் புதுப் புண் வராவிட்டால்
முதுகில் ஆறு செடில் குத்தி ஆடுகிறேன் என்று.
வந்தது. தொண்டைக்குள்ளும் வந்தது.
ஆனாலும் ஆனியில் ஹம் நகரத்துக்குப் போனேன்,
கடன் தராதவனுக்கு வட்டி கட்டுகிறவனைப் போல.

கால்வாய்க்கரை. தகரப் பந்தல்.
தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கி.
ஏகாம்பரம் அண்ணை என் முதுகுத் தோலைக் கிள்ளி இழுத்தார்.
என் தோல் இழுபட்டு வந்தது.
விட்டதும் போய் ஒட்டிக்கொண்டது.
அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள் நிலானி,
விரல்நுனி வரை வெள்ளைத்துணி சுற்றி.

“மாமா, முள்ளை எத்தினை நிமிசம் அவிச்சனீங்கள்?”

சிரித்தார். “அம்மாள் பாத்துக்கொள்ளுவா, பிள்ளை.”

“அவ பாக்கமாட்டா. பத்து நிமிசம் அவிக்கோணும்.”

அதில் கோபமில்லை.
தொழில் தெரிந்த ஒருத்தியின் குரல்.
பிறகு என் பக்கம் திரும்பி, ஜெர்மனில், மெல்ல:
தோல் கிழிந்தால் சாமிக்குப் பிடிக்குமென்றால்
என்னை எப்பவோ பிடித்திருக்க வேண்டுமே, அப்பா.

சட்டையைப் போட்டுக்கொண்டேன்.
தெளிந்துவிட்டேன் என்றில்லை.
பொத்தான்களை மாற்றிப் பூட்டியிருந்தது
வீடு வரும்வரை தெரியவில்லை.

உள்ளே அபிஷேகம்.
சனம் நெருக்க, அவளைச் சுற்றி
என் இரு கைகளால் ஒரு வட்டம் பிடித்தேன், தொடாமல்.
பால், இளநீர், பிறகு தண்ணீர்.
ஐயர் கல்லின் கழுத்தை, கமக்கட்டை, விரலிடுக்கை
ஒற்றி ஒற்றி ஈரமெடுத்தார்.
தேய்க்கவில்லை.
திரை போட்டு, உடுத்தி, திறந்தார்கள்.

காரில் கேட்டாள்:
“அம்மாளுக்குத் தானாக் குளிக்கத் தெரியாதா?”
தெரியாது.
“ஒவ்வொரு நாளுமா?”
ஒவ்வொரு நாளும்.
“பாவம்.”
கொஞ்ச நேரம் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
“ஆனா அவவுக்கும் ஒரு ஆள் இருக்கு.”

தவரஞ்சினி ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடி வழியே பின்சீட்டைப் பார்த்தாள்,
பிறகு என்னை,
என் கோணல் பொத்தான்களை.

அன்பானவளா என்று எனக்கு இன்னும் தெரியாது.
காப்புறுதிக்காரர் மாதம் நாற்பது சுருள் துணி
போதும் என்று எழுதியிருக்கிறார்கள்.
எதிர்த்து எழுதும் கடிதம் பாதியில் கிடக்கிறது,
‘மதிப்புக்குரிய’ வரையில்.

நாளை குளிப்பு நாள்.
உப்புத் தண்ணீர், உடம்புச் சூட்டுக்கு.
ஒட்டிய துணியை நனைத்து நனைத்து எடுக்கும்போது கத்துவாள்.
அப்பா என்றுதான் கத்துவாள்,
நிறுத்து என்பதற்கும்
போகாதே என்பதற்கும்
அந்த ஒரு சொல்லால்.