சேதாரம்

வாரத்தில் ஆறு நாள் என் வேலை
தராசுகளைச் சந்தேகப்படுவது.
ரூவி தொடங்கி சோஹார் வரை
மீன் சந்தை, மருந்துக் கிடங்கு, விமான நிலையத்துப் பெட்டித் தராசு.
என் கல்லை வைத்துப் பார்ப்பேன்.
சரியென்றால் பச்சை ஒட்டு. இல்லையென்றால் சிவப்பு.
ஏழாம் நாள் தமயந்தி சொன்னாள்:
இன்றைக்காவது எதையும் நிறுக்காமல் வா.

நிஸ்வாவில் வெள்ளிப் பட்டறை,
முகப்பில் பார்வையாளர் மையம்.
தலைக்கு ஒரு ரியால்;
ஒரு தண்ணீர் பாட்டில், மூன்று பேரீச்சம்பழம்.
எங்களோடு ஒரு கொரியக் குடும்பம்,
கோழிக்கோட்டு நர்ஸுகள் நால்வர்,
தன் கஞ்சர் கத்தியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக்
காத்திருக்கச் சலித்த சூர் ஊர்க்காரர்.
அவரும் டிக்கெட் எடுத்திருந்தார்.

ஸுவைனா மைக்கில் விளக்கிக்கொண்டே முன்னே போனாள்.
சுத்தியல்கள் ஒன்றுவிட்டு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டன.

மூசையைச் சாய்த்தபோது யாரும் பேசவில்லை.
கொரியச் சிறுவன் மட்டும் ஏதோ கேட்டான்.
பாலா என்றுதான் இருக்கவேண்டும்;
அவன் அம்மா அவசரமாக இல்லையென்று தலையாட்டினாள்.

அடுத்த அறையில் கல்ஃபான்
இடுப்பு வாரில் கொக்கி மாட்டி
துளைத்தட்டின் வழியே கம்பியை இழுத்தபடி
பின்னோக்கி நடந்தார்.
ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மெலிந்து
கொஞ்சம் நீண்டது வெள்ளி.
மாதக் கடைசியில் என் சம்பளமும் இப்படித்தான்,
மெலிவது மட்டும்.

கண்ணாடிக்கு அப்பால் மொஃபஸ்ஸல்.
தட்டாதீர்கள் என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது.
கடுகளவு வளையத்தை இடுக்கியால் வைத்து
ஊதுகுழல் தீயைக் காட்டினான்.
அவன் மூச்சை விடும்வரை
நாங்களும் விடவில்லை.

வெளியேறும் வாசலில் ஒரு பையன்
தூரிகையோடு குந்தியிருந்தான்: காலைக் காட்டுங்கள்.
ஒவ்வொருவர் செருப்படியையும்
தட்டில் உதறித் துடைத்தான்.
கை கழுவிய தண்ணீருக்குத் தனித் தொட்டி, என்றாள் ஸுவைனா.
மிதியடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எரித்துச் சலிப்போம்.
போன வருஷத் தரைக்குப்பையில்
ஒரு கத்தியுறைக்கான வெள்ளி கிடைத்தது.

கடையில் தமயந்தி ஒரு மைச்சிமிழை எடுத்தாள்.
செய்கூலி சரி, சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேள், என்றாள்.
எனக்குத் தெரிந்த அரபியில்
தொலைந்ததற்கான விலை என்று பெயர்த்தேன்.
ஸுவைனா விழித்தாள்:
தொலைந்ததை எப்படி விற்பீர்கள்?
நர்ஸுகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
தமயந்தி சிரிக்கவில்லை.
அவள் தாலிக்கொடியில் பதினாலு சதவீதம்
கும்பகோணத்துக் காற்றில் எங்கேயோ
இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது.

சிமிழைத் தட்டில் வைத்தார்கள். 31.42.
கடைசி இலக்கம் நடுங்கியது.
கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.
சுவரைப் பார்த்தேன். மறுபடி இலக்கத்தைப் பார்த்தேன்.
அந்த ஏசியைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?
31.36.
நாற்பது பைசா மிச்சம்.
தமயந்தி முறைத்தாள், பிறகு
மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில்,
ஷூ அடியின் பள்ளத்தில் ஏதோ மினுங்கியது.
தூரிகைக்குத் தப்பியது.
ஊசியால் நெம்பி எடுத்து
மில்லிகிராம் தராசில் இட்டு, கண்ணாடிக் கதவை மூடி,
நடுக்கம் அடங்கக் காத்திருந்தேன்.
0.04.
ஆக இதுதான் அது.
இருபத்தொரு வருஷமாக எத்தனையோ ரசீதுகளில் படித்தது;
கண்ணால் பார்ப்பது இன்றுதான்.

பட்டறைக்குப் போன் செய்தேன்.
உங்கள் வெள்ளி கொஞ்சம் என்னிடம் வந்துவிட்டது என்றேன்.
எவ்வளவு என்றாள் ஸுவைனா. சொன்னேன்.
சுத்தியல் சத்தத்துக்கு நடுவே அவள் சிரிப்பு கேட்டது.
தாராளமாகக் கொண்டு வாருங்கள்,
நுழைவு ஒரு ரியால்.

விபூதிபோல் மடித்த காகிதத்தில்
எடைக்கற்களின் பெட்டியில் இருக்கிறது,
பச்சையும் ஒட்டாமல், சிவப்பும் ஒட்டாமல்.