பச்சை மை

சோழிங்கநல்லூரில் எங்கள் கட்டடம் முழுக்கக் கண்ணாடி.
காலை வெயில் கடலிலிருந்து வந்து
ஒன்பதாம் மாடியில் மோதி
சிக்னலில் நிற்பவர்களின் கண்ணில் இறங்கும்.
இந்த வருடம் அதற்கு ஒரு பிளாட்டினம் விருது.
வரவேற்பறையில், செடி முளைத்த சுவருக்கு எதிரே
மாட்டியிருக்கிறோம்.

என் வேலை எண்களைத் திரட்டுவது.
கேன்டீனில் மிஞ்சிய சோறு எத்தனை கிலோ,
பெரும்பாக்கம் ஏரிக்கரையில் நட்ட கன்று எத்தனை,
அதில் ஆடு விட்டுவைத்தது எத்தனை,
அரசுப் பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த கழிவறை எத்தனை.
குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதற்குக் கட்டம் இல்லை.
எல்லாம் கோபன்ஹேகனுக்குப் போகும்.
அங்கே யாரோ எழுபது நாட்டுக் கணக்கோடு அதைக் கூட்டி
அட்டையில் ஒரு குழந்தையின் சிரிப்பை வைப்பார்கள்.
எந்த ஊர்க் குழந்தை என்று எனக்குத் தெரியாது.
போன வருடமும் அதே சிரிப்பு, சட்டை மட்டும் வேறு.

தண்ணீர்க் கணக்கு கேட்டில் இருக்கிறது.
செக்யூரிட்டியின் நீள நோட்டு:
லாரி எண், வந்த நேரம், லிட்டர், கையெழுத்து.
சித்திரையில் நாளொன்றுக்கு முப்பத்தோரு லாரி.

தணிக்கைக்கு வந்த கிர்ஸ்டன்
துணிப்பையும் சொந்தத் தண்ணீர் பாட்டிலுமாக
வெயிலில் சிவந்து நின்றார். நல்ல மனுஷி.
லாரியைக் காட்டி
இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றார்.
நான் டிரைவரிடம் கேட்டேன்.

"கெணத்துலேர்ந்து."

யாருடைய கிணறு?

"நம்மளுதுதான். தையூர் தாண்டி, ஒண்ணரை ஏக்கர்."

என்ன பயிர்?

பூவராகன் டயரை ஒரு தடவை உதைத்துப் பார்த்தார்.
"மூணு வருசமா இதான் பயிரு.
நாத்து விட வேணாம், தூத்த வேணாம்.
ராத்திரி மோட்டாரைப் போட்டா
காலைல அறுப்பு.
பக்கத்துக் கெணறு ரெண்டும் போயிருச்சு.
நமக்கு இன்னும் ஊறுது."

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது?
உள்ளூர் ஆதாரம் என்றேன்.
சிறு விவசாயி என்றேன்.
கிர்ஸ்டனின் முகம் மலர்ந்தது.
டேப்லெட்டில் இரண்டு டிக் விழுந்தன:
உள்ளூர்க் கொள்முதல்,
விளிம்புநிலை வாழ்வாதாரம்.
நிலத்தடி நீருக்கு நேரே பூஜ்ஜியம்.
அது நாங்களே தோண்டிய ஆழ்துளைக்கு மட்டும்;
நாங்கள்தான் ஒன்றும் தோண்டவில்லையே.

ரசீதில் கையெழுத்துப் போட என்னிடம் இருந்தது
சுற்றுச்சூழல் தினத்தில் எல்லோருக்கும் கொடுத்த பேனா.
சுருட்டிய காகிதம், பச்சை மை,
வாலில் தக்காளி விதை.
தீர்ந்ததும் தலைகீழாக நட்டால் முளைக்குமாம்.
"பச்சை மையில போடுறீங்க, தாசில்தாரா மேடம்?"
பேனாவை அவரிடமே கொடுத்தேன். விதையைப் பற்றியும் சொன்னேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தண்ணி யாரு ஊத்துறது?"
அவரே சிரித்து
சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

பொய் இல்லை. ஒரு சொல்லும் பொய் இல்லை.
வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்
இரண்டு தடவை சரிபார்த்தேன்.
மேடவாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸப்பில்
அன்றைக்கும் சண்டை: லாரி வரவில்லை,
பி பிளாக்குக்கு மட்டும் எப்படி வந்தது.
எந்தக் கிணறு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.
நான் பி பிளாக்.

அறிக்கை வெளியானது. நாற்பத்தேழாம் பக்கம்
முழுக்க நீல நிறம், நடுவே ஒரே ஒரு துளி.

கேட் நோட்டில் பல வாரம்
நீல வரிசைகளுக்கு நடுவே
ஒரு பச்சைக் கையெழுத்து வந்துகொண்டிருந்தது.
'பூ' மட்டும் தெளிவாக,
மிச்சம் கிறுக்கலாக.
போன செவ்வாயிலிருந்து அதுவும் நீலம்.
லாரி அதே லாரி, 'பூ' அதே 'பூ'.
பேனா தீர்ந்ததா, தொலைந்ததா,
நட்டாரா.

கேட்கலாம்.
காலை ஆறு மணிக்குக் கேட்டில்தான் நிற்பார்.
நான் வருவது ஒன்பதரைக்கு.