இரண்டு பேனா

என்னிடம் இரண்டு பேனா.
ஒன்று சட்டைப் பையில்,
கொழுந்து மடுவத்தில் மற்றவர் எடையை எழுத.
மற்றது பிரிட்ஜில், தயிர்ச் சட்டிக்குப் பின்னால்,
ஹட்டனில் டொக்டர் வீரக்கோன் எழுதித் தந்தது.
வியாழன் இரவு, தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி,
பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தால்
என் எடையை அது எழுதும்.

கரண்ட் போகிற இரவுகளில்
புனிதமலர் அதை ஈரத்துணியில் சுற்றித்
தண்ணீர்க் குடத்தோடு சாய்த்து வைப்பாள்.
"பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்ததில்ல" என்பாள்.
சிரிக்கிறாளா என்று
இருட்டில் தெரியாது.

இதற்கு முன்னால் என் தலைக்குள்
பூட்டாத ஒரு கடை இருந்தது.
விடியும் முன்பே தட்டுகிற கொத்துத் தகடு.
மழைக்குள் மணக்கும் மாலுபாண்.
ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றுகொண்டே
அடுத்த ரொட்டியை நினைப்பேன்.
செக்ரோல் கூட்டினால்
பதினேழும் ஆறும் இருபத்துமூன்று ரோல்ஸ்.
சாவு வீட்டில் பாடை தூக்குமுன்
எங்கே சமைக்கிறார்கள் என்று
மூக்கு போய்ப் பார்த்துவிட்டு வரும்.
நான் அனுப்பவில்லை என்றால் யார் நம்புவார்?
"வாயக் கட்டுங்க ஐயா" என்றார்கள்.
வாயா கத்தியது?

ஐந்தாவது வாரம்
அக்கரப்பத்தனையில் பஸ்ஸுக்கு நின்றபோது
இரும்பு இரும்பில் மோதும் சத்தம்.
வெறும் இரும்பு.
திரும்பினேன். அஸ்வர் நானா கடை, கொத்து.
இருபது வருஷம் என்னைப் பேர் சொல்லி அழைத்த தகடு
வேறு யாரையோ
அழைத்துக்கொண்டிருந்தது.

நல்லதுதான்.
குமட்டல் உண்டு, புளித்த ஏப்பம் உண்டு,
சம்பளத்தில் பாதி பாமசிக்கு,
மீதி விலைக்கு மச்சான் டோஹாவிலிருந்து அனுப்புகிறான்.
ஆனாலும் முட்டி வலிக்காமல்
ஏழாம் நம்பர் மலை ஏறினேன்.
பெல்ட்டில் ஆணியால் மூன்று புது ஓட்டை.

பிறகு ஒரு மத்தியானம்.
மழை. மடுவத்தில் வரிசை.
ராக்காயியின் சாக்கைத் தராசில் மாட்டும்போது
ஒரு வயிறு கத்தியது, நீளமாக,
கட்டிப்போட்ட நாய்க்குட்டி மாதிரி.
என்னுடையதென்று நினைத்துக் கையை வைத்தேன்.
இல்லை.
இத்தனை வருஷமும் இதே இடத்தில் கத்தியிருக்கும்.
என் கடை இரைச்சலில் கேட்டிருக்காது.
அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு
வேறெங்கோ பார்த்தாள்.

பதினெட்டு.
ஈரத்துக்கும் சாக்குக்கும் இரண்டு கழிவு.
பதினாறு. அரைப்பேர்.
பேனா எழுதியது.

எல்லோரும் இறங்கிப் போன பின்
சாக்கு நிறுக்கும் பெரிய தராசில் ஏறி நின்றேன்.
ஊசிக்கு முன் நூற்றுநாலு.
இப்போது எண்பத்தாறு.
கழித்துப் பார்த்தேன். பதினெட்டு.
சரியாக ஒரு முழுப்பேர்
என் உடம்பிலிருந்து இறங்கிப் போயிருக்கிறது.
அதில் யாரும் ஈரம் கழிக்கவில்லை.

மறுநாள் அவளுக்குப் பதினெட்டே போட்டேன்.
அதற்கு மறுநாளும்.
சனிக்கிழமை பெக்டரி எடை உதைத்தது,
துரை கூப்பிட்டனுப்பினார்.
திங்கள் மறுபடி பதினாறு.
இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.
மறைக்கவும் இல்லை.

இன்று வியாழன்.
ஊசிக்கு முன்னால் புனிதமலர் ரொட்டி சுட்டாள்.
ஒன்றைப் பிய்த்துப் பாதி அவள், பாதி நான்.
"எப்படியிருக்கு?" என்றாள்.
கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்கிறாள்.
இதுவரை பசிதான் பதில் சொன்னது,
தட்டை நீட்டி.
இன்றைக்கு நான்தான் சொல்லவேண்டும்.
மெதுவாக மென்றேன்.
தேங்காய், கொஞ்சம் கருகல், பச்சைமிளகாய்.

"உப்புக் கொஞ்சம் கம்மி" என்றேன்.

"பதினஞ்சு வருஷமா
அப்படித்தான் சுடுறேன்" என்றாள்.