ஆறாவது ஆள்

ஹித் கப்பல் பட்டறையில்
பெயின்ட் ஃபோர்மேனாக இருந்த வெள்ளைக்காரர்
கணக்கு முடித்துப் போகையில் விட்டுச்சென்றவை:
ஒரு குடை, அதுவும் பஹ்ரைனில்,
கைப்பிடி ஆடும் வாணலி,
பெயர் எழுதாத ஒரு வீடியோ கேசட்.

குடையை யாரும் தொடவில்லை.
வாணலி உவைஸுக்கு.
கேசட் அறை பதினொன்றுக்கு.

வியாழன் ராத்திரி போட்டுப் பார்த்தோம்.
வேறெதையோ எதிர்பார்த்துக்
கதவைத் தாழிட்டிருந்தான் சவரிமுத்து.

ஐந்து பேர். கோட்டு, டை.
ஒருத்தன் டீ போடத் தன் அடுப்படிக்குப் போகிறான்;
அங்கே ஒரு பஸ் ஸ்டாப்.
வரிசையில் ஒரு நீதிபதி, ஒரு மருத்துவச்சி,
சைக்கிள் பம்போடு ஒரு பாதிரியார்.
கெட்டிலைத் தொடப் போனவனை
'வரிசையில் வா' என்கிறார் நீதிபதி.
அவனும் போய்க் கடைசியில் நிற்கிறான்
சொந்த வீட்டில்.

இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது.
வரிசை முழுசாகப் புரிந்தது.
இருபத்திரண்டு பேருக்கு இரண்டு குளியலறை எங்களுக்கு.

பஸ் வருகிறது, சுவரைப் பிளந்துகொண்டு.
டிரைவர் தலையை நீட்டி வாயைத் திறக்கிறார்

சர்ரென்று திரையில் ஒரு கோடு.
ஒரு மீசைக்காரர்,
பின்னால் வரைபடம், கையில் குச்சி.
ஊர் ஊராகத் தொட்டு 'ஷம்ஸ்' என்கிறார்.
மனாமா, வெயில். முஹரக், வெயில்.
ரிஃபா,
கொஞ்சம் யோசித்து,
வெயில்.

கட்டிலிலிருந்து விழுந்தேன்.
அந்த ஐவருக்கும் வராத வித்தை அது,
முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை.

இவர்தான் ஆறாவது ஆள் என்று
இரண்டு வருஷம் நம்பினோம்.

டீக்கடை டிவியில் ஒருநாள், செய்தி முடிந்ததும்,
அதே மீசை, அதே குச்சி.
சவரிமுத்து பார்த்துவிட்டான்.
ஒரு மாதம் எங்களிடம் மூச்சு விடவில்லை.
சொன்னபோது சாவுச் செய்தி மாதிரி
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சொன்னான்.

அதற்காக அவரை நீக்க முடியுமா?
பட்டறை வாசலில் பார்த்தால் 'நாளைக்கு?' என்பான் ஒருத்தன்.
'ஷம்ஸ்' என்பான் மற்றவன்.
எங்களுக்குள் வணக்கமும் சலாமும் அதுதான்.
வேலை போய்
அருளப்பன் பெட்டி கட்டிய அன்றும் கேட்டான்,
நாளைக்கு?
யாருக்கும் வாய் வரவில்லை.
அவனே சொல்லிக்கொண்டு
வேனில் ஏறினான்.

கேசட் சூட்டில் நெளிந்தது. பிளேயர் போனது.
முப்பது வருஷம் கழித்துப் போனில் கிடைத்தது
வெட்டுப்படாத முழுசு.
டிரைவர் வாயைத் திறந்து ஏதோ சொல்கிறார்.
நல்ல வசனம்தான்.
அரங்கமே சிரிக்கிறது.
மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
மறுபடியும்.
மீசைக்காரர் வரவேயில்லை.

போன ரமலானில்
நீதிபதியாக நின்றவர் இறந்துபோனார்.
காயல்பட்டினத்திலிருந்து உவைஸ் அனுப்பியிருந்தான்:
'மூணு பேர் போயாச்சு. இன்னும் மூணு பேர் மிச்சம்.'

ஐந்தில் மூன்று போனால் எத்தனை என்று
எனக்கும் தெரியும்.
சரிதான் என்று பதில் போட்டேன்.