நீலம் தெளிப்பதற்கு முந்தின நாள்

வியாழன் சாயங்காலம்தான் தோது.
வெள்ளி காலை ஏழரைக்கு அதே கரையில்
மருந்தடிக்கப் போவது நான்தான்.
எந்த மேடு, எந்தப் பள்ளம், எத்தனை டாங்க்
எல்லாம் எனக்குத் தெரியும்.
காவல்காரியே கன்னம் வைக்கிற கதை.

சாட்ஸ்வர்த்துக்குக் கீழே
உம்ஹ்லதுசானா ஆறு வளைகிற இடம்.
கையில் இரண்டு செக்கர்ஸ் பை.
ஒன்றில் முளைக்கீரை, நகம் பட்டதும் ஒடிகிற தண்டு மட்டும்.
இன்னொன்றில் மணத்தக்காளி, அதன் மேல்
ப்ளாக்ஜாக் கொழுந்து, பூ வருமுன் கிள்ளியது.
ஹ்லெங்கிவே அதை உகாடோலோ என்பாள்.
நடுவில் அவள் நாக்கு
ஒரு பாட்டில் மூடியைத் திறக்கும்.
ஒன்பது வருஷமாக முயல்கிறேன்,
என் மூடி திறக்கவில்லை.

அவள்தான் எங்கள் சூப்பர்வைசர்.
பட்டியல் அவளிடம் இருக்கிறது: அரசாங்கம் அச்சடித்த
அந்நியச் செடிகளின் பட்டியல்.
கீரைகள் அதில் இல்லை.
ஆனால் மருந்துக்குழலுக்குப் படிக்கத் தெரியாது.
கொக்கிமுள் கொடி ஒன்றுதான்
பட்டியலிலும் உண்டு, என் சட்டியிலும் உண்டு.
பசலை போலக் கொழகொழக்கும்,
காய்ந்த இறால் போட்டால் அடங்கும்.
ஹ்லெங்கிவே நிலக்கடலை இடித்துப் போடுவாள்.
அவளும் வியாழக்கிழமை வருவாள்,
ஆற்றின் அந்தப் பக்கம்.
கையசைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை
அதைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது.

(கப்பலில் வந்தவர்களையும் செடியையும் சேர்த்து
உவமை சொல்ல யாராவது வந்தால்
நான் கேட்கமாட்டேன்.
செடிக்குச் சம்பளச் சீட்டு இல்லை.
எனக்கு உண்டு, பிடித்தம் போக.)

போன வியாழன்
பாலத்தடியில் ஒரு ஆள்,
டிபன் டப்பா நிறையப் பச்சைக் காய்.
"சுண்டைக்காய் இங்கயும் காய்க்குதே!"
முகமெல்லாம் ஊர்.
டப்பாவைத் தட்டிவிட்டேன்.
காய்கள் உருண்டு தண்ணீரில் விழுந்தன.
அவன் கெட்ட வார்த்தை சொன்னான்,
எனக்குப் புரியும் என்று நினைக்காமல்.

பூவைப் பார், என்றேன். ஊதா.
சுண்டைக்கு வெள்ளை.
இலையைத் தொடு, வெல்வெட். முள் எங்கே?
இது பக்வீட். பச்சைக் காய் விஷம்.
என் தமிழ் கோயில் தமிழ்,
அவசரத்துக்கு ஓடாது. பாதியைக் கையால் சொன்னேன்.

இசக்கிமுத்து. கிரேவில் தெரு ஓட்டல் ஒன்றில் சமையல்.
ஐந்து மாதம் ஆகிறதாம்.
கொஞ்ச நேரம் டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.
பிறகு என் பூட்ஸைக் காட்டினான்:
"அக்கா, மூக்கிரட்டை மேல நிக்கறீங்க."

தரையோடு தரையாக,
செந்தண்டு, நுனியில் புள்ளிப் புள்ளியாய்ப் பூ.
ஒன்பது வருஷம் நான் மிதித்த செடி,
நீலமடித்த செடி, பெயர் கேட்காத செடி.
பருப்பில் போட்டுக் கடையணுமாம்.
கால் வீக்கத்துக்கு நல்லதாம்.
பூட்ஸைப் பார்த்துச் சொன்னானா,
பூட்ஸுக்கு மேலே பிதுங்கிய
என் கணுக்காலைப் பார்த்துச் சொன்னானா, தெரியவில்லை.

வெள்ளி. முதுகில் பதினாறு லிட்டர்.
மருந்தில் கலக்கிற சாயம் நீலம்,
அடித்த இடம் அடிக்காத இடம் தெரிவதற்கு.
பக்வீட் நீலமானது. லந்தானா நீலமானது.
முந்தின நாள் நான் விட்டுவைத்த முளைக்கீரையும்.
பாலத்தடிக்கு வந்தபோது
என் கட்டைவிரல் குழலை விட்டுவிட்டது.
பின்னால் ஹ்லெங்கிவே நின்றாள்.
மேகத்தைப் பார்த்தாள். மழை வரும், நட, என்றாள்.

மாலையில் காலுறையிலிருந்து
ப்ளாக்ஜாக் ஊசிகளைப் பிடுங்கினேன்,
முப்பதோ நாற்பதோ. வாசல் சாக்கடையில் போட்டேன்.
முளைக்கட்டும்,
அடுத்த வருஷமும் டெண்டர் வரவேண்டாமா?
அடுப்பில் பருப்பு கொதித்தது.
லேசான கசப்பு. சிவலிங்கம் முகம் சுளித்து
இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

படிவத்தை அப்புறம்தான் எடுத்தேன்.
மருந்தடித்த பரப்பு: ஒன்று புள்ளி நான்கு எக்டர்.
அடிக்காமல் விட்டது:
அந்தக் கட்டத்தில் பேனா நின்றது.
மூக்கிரட்டை படர்ந்திருப்பது ஒரு முறம் அகலம்.
ஒரு முறம்
எத்தனை எக்டர்?