இருபது கிலோ முன்னே பின்னே

எடைமேடையில் லாரி வராத இரவுகளில்
வேலந்தாவளத்தை விரல்நுனியால் பெரிதாக்குவேன்.
வரிச்சாவடி மூடி வருசங்கள் ஆகிவிட்டன.
படத்தில் இன்னும் திறந்திருக்கிறது:
கையை நீட்டியபடி ஒரு காக்கிச்சட்டை,
முகத்தை மட்டும் இயந்திரம் கலக்கிவிட்டிருக்கிறது.
சுவரொட்டியில் சிரிக்கும் வேட்பாளருக்கும்
லாரி நெற்றியில் நிற்கும் முருகனுக்கும்
அதே கலங்கல்.
மயிலுக்குத்தான் கண் தெளிவாக இருக்கிறது.

முந்நூற்றுச் சொச்சம் படமும் போட்டவர் ஒருவரே:
முத்தலிபு ராவுத்தர்.
இரண்டு மொழியில் விலை எழுதிய கள்ளுக்கடைப் பலகை,
மைல்கல்லின் மேல் காயும் ஒற்றைச் செருப்பு,
மழைக்கு ஒதுங்கிய பதினொரு வாத்துகள்.
ஆனால் அவர் கைபேசிக்கு மேற்கே ஒரு சாய்வு.
எடுத்ததெல்லாம் அரைக் கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது.
தமிழ்நாட்டு மாரியம்மன் கேரளத்துத் தோப்பில்,
பள்ளிக்கூடம் ஆற்றுக்கு நடுவே,
அவர் மச்சானின் பிரியாணிக் கடை
ஒரு நெல்வயலில்.

விடுப்பு நாளொன்றில் வண்டியை எடுத்துக்கொண்டு
அந்த வயலுக்கே போனேன்.
மோட்டார் கொட்டகையிலிருந்து ஒருவர் வந்தார்.
"பிரியாணிக்கா?" என்றார், நான் வாய் திறக்குமுன்.
வாரத்துக்கு இருபது பேர் வருகிறார்களாம்,
ஞாயிறென்றால் கோயமுத்தூர்க் கார்கள் வரப்பு வரைக்கும்.
முதலில் திட்டினாராம். பிறகு வழி சொன்னாராம்.
பிறகு வரப்புத் தென்னையில் நாலு குலை வெட்டி
ஒரு பெஞ்சையும் இழுத்துப் போட்டுவிட்டாராம்.
பெயர் கிட்டுச்சாமி. இளநி முப்பத்தைந்து ரூபாய்.
வழுக்கை தாராளம்.

நேற்று அதே புள்ளியில் புதிதாக ஒரு படம்:
பெஞ்சு, அரிவாள், ஸ்ட்ரா கட்டு,
ஓரத்தில் என் பச்சைச் சுடிதார், முகம் கலங்கி.
கீழே யாரோ: 'பிரியாணி இல்லை. பரவாயில்லை.'
நாலு நட்சத்திரம்.

இந்த இடம் தவறாகக் குறிக்கப்பட்டுள்ளதா
என்று வரைபடம் கேட்கிறது.
கட்டைவிரலை வைத்தேன். எடுத்தேன்.

செங்கல் லாரியொன்று மேடை ஏறுகிறது.
எண்கள் நடுங்கி, நிதானித்து, நிற்கின்றன.
இருபது கிலோ முன்னே பின்னே இருக்கலாம்;
முத்திரை போட்டவர்களே ஒப்புக்கொண்ட பிழை.
சீட்டை வாங்கிய ஓட்டுநர் கைபேசியை நீட்டுகிறார்:
"ஏனுங்கக்கா, இங்க பிரியாணிக் கடை ஒண்ணு காட்டுதே,
தொறந்திருக்குமா?"
மணி நாலே முக்கால்.
"ஆறுக்கு மேல போங்க," என்றேன்.
"இளநி நல்லாருக்கும்."